பீரோவில் ஒரு பர்மிங்ஹாம்

கொங்கு நாட்டின் பழைய தோட்டத்து வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் கவனித்திருக்கக்கூடும். முன்கூடத்துச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மூன்றடி இடைவெளியில் இரண்டு மரக்கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று அவற்றில் குடையோ மஞ்சள் பையோ பால் கணக்கு நோட்டோ தொங்குகிறது. கொக்கிகள் செதுக்கப்பட்டது குடைக்காக அல்ல. இரட்டைக்குழல் துப்பாக்கி கிடந்த இடம் அது. கொக்கியிலிருந்து இறங்கி இரும்பு பீரோவுக்குள் அது போன கதையில், கடந்த நூறாண்டுக் கொங்கு நாட்டின் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வீட்டுத் துப்பாக்கி பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்துத் தோட்டத்தில் இருக்கிறது. 1950களில் வால்பாறையிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அப்பாரு வாங்கியது. என்ன விலை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. இரண்டு குழல்களும் பக்கத்தில் பக்கம் படுத்திருக்கும் பழைய வகை. குழலைக் கழற்றித் திருப்பினால், கட்டையோடு பொருந்தும் தட்டைப் பகுதியில் பொடிப்பொடியாக முத்திரைகள். கிரீடம், கிரீடத்தின் கீழ் எழுத்துகள், 12 என்ற எண், இரண்டரை அங்குலம் என்ற அளவு, ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் என்ற எடை. 1813இல் சட்டம் போட்டுத் தொடங்கப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச்சாலையில், வேண்டுமென்றே கூடுதல் மருந்து திணித்து வெடித்துப் பார்த்து, குழல் பிளக்காமல் தாங்கிய பிறகு குத்தப்பட்ட முத்திரைகள் அவை. சிறுவயதில் நாங்கள் மூவரும் அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாங்கள் படித்த முதல் ஆங்கிலம் ஒருவேளை அதுதான்.

பன்னிரண்டு என்பது பலரும் நினைப்பதுபோல ஓர் அளவுகோல் எண் அல்ல. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் அது பன்னிரண்டு போர். விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. உள்ளே செல்வது ஒற்றைக் குண்டு அல்ல, நூற்றுக்கணக்கான ரவைகள். குழலின் நுனியை மயிரிழை அளவு இறுக்கினால் ரவைகள் தொலைவுவரை கலையாமல் போகும். இறுக்காமல் விட்டால் அருகிலேயே விரியும். பழைய இரட்டைக்குழலில் வலக்குழல் தளர்வாகவும் இடக்குழல் இறுக்கமாகவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி விசை. முன்விசையை இழுத்தால் வலக்குழல், பின்விசையை இழுத்தால் இடக்குழல். பறவை அருகே எழுந்தால் முன்விசை. தப்பித் தூரம் போய்விட்டால் விரலைப் பின்னுக்கு நழுவவிட வேண்டியதுதான். இன்றைய ஒற்றை விசைத் துப்பாக்கிகளில் எந்தக் குழல் முதலில் வெடிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு பொத்தானைத் தள்ளி முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பழையதில் அந்தத் தீர்மானம் விரல்நுனியிலேயே நடந்துவிடுகிறது. நூறாண்டு பழைய பொறி ஒன்று புதியதைவிட விரைவாக யோசிக்கிறது என்பதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

எங்கள் துப்பாக்கியின் பொறியமைப்பு 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் பதிவுசெய்தது. குழலை மடித்துத் திறக்கும்போதே உள்ளிருக்கும் குதிரைகள் தாமாக ஏறிக்கொள்ளும். அதற்கு முன்பு வெளியே காது போலத் துருத்திக்கொண்டிருந்த குதிரைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. இந்த ஒரு மாற்றத்தால் உறுப்புகள் குறைந்தன, விலையும் குறைந்தது. மதராஸில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடிகாரக்கடைகள்கூட இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளில் தம் பெயரைப் பொறித்து விற்றன. கடிகாரத்தையும் துப்பாக்கியையும் ஒரே கடையில் விற்றது வேடிக்கையாகத் தோன்றலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தத் துப்பாக்கிமேல் இருக்கும் ஈர்ப்பில் வேட்டையின் பங்கைவிடப் பட்டறையின் பங்கு அதிகம் என்பது எங்கள் எண்ணம். பர்மிங்ஹாமின் துப்பாக்கிப் பேட்டையில் ஒரே கூரையின்கீழ் முழுத் துப்பாக்கி உருவாவது அபூர்வம். ஒருவர் குழல் மட்டும் அரம் போடுவார். அடுத்த தெருக்காரர் வால்நட் கட்டை மட்டும் செதுக்குவார். இன்னொருவர் பூவேலை மட்டும். பையன்கள் தள்ளுவண்டியில் வைத்து ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கொண்டுபோவார்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் மோட்டார் பம்ப் உருவாகும் விதமும் இதுதான். வார்ப்பு ஓரிடம், கடைசல் ஓரிடம், காயில் சுற்றுவது ஓரிடம். நடுவே ஒரு டெம்போ. எங்கள் வீட்டுக்கு வந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் செய்தது குறிபார்ப்பது அல்ல. குழலும் பொறியும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. "எந்த மிசினும் இல்லாம, விளக்குக் கரியைத் தடவித் தடவி அரத்துலயே இந்த ஃபிட்டிங் கொண்டாந்திருக்கான் பாருங்க" என்றார். அது புகைக்கரியைப் பூசி மூடித் திறந்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் அராவும் முறை. அதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரும்பே அவருக்குச் சொல்லியிருக்கிறது.

காங்கேயம் பக்கத்தில் உறவினர் ஒருவரிடம் இதைவிடப் பழைய துப்பாக்கி ஒன்றுண்டு. குழல் முழுக்க நீரோட்டம் போல வரிகள். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சூடாக்கி அடித்து ஒட்டவைத்தது. அப்பெயர் டமாஸ்கஸ் வாள்களிடமிருந்து இரவல் பெற்றது. அந்த வாள்களுக்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. சென்னிமலை அருகே கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு செய்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் தொடங்கிய ஒரு நினைவின் நகல், ஐரோப்பியப் பட்டறைகளைச் சுற்றிக்கொண்டு, குழலாகிக் காங்கேயத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது. புகையில்லா மருந்துக்கு அது சோதிக்கப்படவில்லை. பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்படி அழகைப் பேசிக்கொண்டே போவதில் ஒரு நெருடல் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்த பிறகு உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க இயலாது. உரிமம் யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்கூடத்துக் கொக்கியில் கிடந்த துப்பாக்கி முயலையும் கௌதாரியையும் மட்டும் குறிவைக்கவில்லை. வாசலில் கூலிக்காகக் காத்து நின்றவர்கள் அதைப் பார்த்தபடிதான் நின்றார்கள். சுடப்படாமலே வேலை செய்யும் கருவி அது. எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டு பண்ணையம் பார்த்த பெரியவர் ஒருவர், அப்பாரு துப்பாக்கியைத் துடைக்கும் நாளில் கணக்குக் கேட்க வரமாட்டார்களாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கொக்கி காலியானதில் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகும் இரவில் ஜீப்பில் விளக்கடித்துப் போனவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எஞ்சியது பயிர்க்காவல். நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகும் இரவுகளில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வழிசெய்தது. ஆனால் சுடுகிறவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர், உழவர் அல்லர். அதுவே சரியென்றும் படுகிறது. ஆக, உழவர் வீட்டுத் துப்பாக்கிக்கு ஒழுங்காக நடக்கும் ஒரே பயணம் தேர்தல் பயணம்தான். அறிவிப்பு வந்ததும் காவல்நிலையத்திலோ ஆயுதக்கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிவு வந்தபின் திரும்பப் பெறுவது. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று எங்கள் வீட்டில் எவரையும்விட அதிகத் தேர்தல் வேலை பார்த்தது இந்தத் துப்பாக்கி.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று 1983 முதல் இருந்த வரம்பு இரண்டாயிற்று. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும். அப்பாவிடம் சரியாக மூன்று இருந்தன. பஞ்சு வியாபாரத்தில் பணம் கொண்டுபோய்வந்த காலத்தில் வாங்கிய, கான்பூரில் செய்த .32 ரிவால்வர். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள். பிறகு இந்த பர்மிங்ஹாம். கொரோனா ஊரடங்கின் நீண்ட மதியங்களில் எங்கள் வீட்டின் பேச்சு எதைக் கொடுப்பது என்பதாகவே இருந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் பழையதைக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. எங்கள் துப்பாக்கியின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று பெரும்பாலும் புழங்குவது 70 மி.மீ. தோட்டா. விசித்திரம் என்னவென்றால், நீளத் தோட்டாவும் குட்டை அறைக்குள் நுழைந்துவிடும். தோட்டாவின் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு அளப்பது. விரிய இடமில்லாமல் அது குழலுக்குள் நீண்டு நெருக்கும்போது அழுத்தம் ஏறும். பொருந்துவதாலேயே ஆபத்தான பொருள். இது ஒருபக்கம் இருக்க, 1980களின் நடுவில் தனிநபர் துப்பாக்கி இறக்குமதி அநேகமாக நின்றுபோனதால் இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்குச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு என்று ஒரு கடைக்காரர் ஆசை காட்டினார். பழையதை விற்றுவிட்டால் வரம்பும் தீரும், பணமும் வரும்.

அப்பா ரைஃபிளைக் கொடுத்தார். நாங்கள் ஏனென்று கேட்டோம். "ரைஃபிள்ல சுடறதுக்கு என்ன கண்ணு இருக்குது? மானா, பன்னியா? ஒண்ணையும் சுடக்கூடாது. அது வேலையில்லாத சாமான். இதுக்காவது வேற வேலை தேடிக்கலாம்" என்றார். வேறு வேலை என்று அவர் எதைச் சொன்னார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. எழுபத்தொரு வயதில் அவர் களிமண் புறா சுடுவதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

களிமண் புறாவின் வரலாறு நிஜப் புறாவில் தொடங்குகிறது. பெட்டிக்குள் அடைத்த புறாவைக் கயிறு இழுத்துத் திறந்துவிட்டுச் சுடும் பந்தயங்கள் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்தன. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட நடந்தது. ஏறக்குறைய 300 பறவைகள் மைதானத்தில் விழுந்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் 'டிராப்' என்ற பெயரும், தட்டை விடச்சொல்லிச் சுடுபவர் எழுப்பும் 'புல்' என்ற குரலும் அந்தப் பெட்டியிலிருந்தும் கயிற்றிலிருந்தும் வந்தவைதாம். இடையில் கண்ணாடி உருண்டைகளை எறிந்து பார்த்தார்கள். 1880இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணில் தட்டு ஒன்றைச் செய்து காப்புரிமை பெற்றார். பையன்கள் நீர்ப்பரப்பில் கிளிஞ்சலை எறிந்து தத்தவிடுவதைக் கண்டு அந்த யோசனை வந்ததாக ஒரு கதை. உக்கடம் குளத்தில் ஓட்டுச்சில்லை எறிந்த எவருக்கும் வந்திருக்கக்கூடிய யோசனை. இப்போது அதில் களிமண்ணே இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து அச்சில் வார்த்தது. 110 மி.மீ. அகலம், 105 கிராம் எடை. பெயரில் மட்டும் களிமண்ணும் புறாவும் பிழைத்திருக்கின்றன.

ஒலிம்பிக் டிராப் போட்டியில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால், தரைமட்டத்துக்குக் கீழான குழியில் 15 எந்திரங்கள் இருக்கும். ஐந்து நிலைகள், நிலைக்கு மூன்று எந்திரங்கள். குரல் கொடுத்ததும் எதிலிருந்து, எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் தட்டு கிளம்பும் என்று தெரியாது. சுடாமல் விட்டால் 76 மீட்டர் போய் விழும். இரண்டு தோட்டா அனுமதி; அதாவது, எழும்போது ஒன்று, விலகிப்போகும்போது ஒன்று. வலக்குழல் தளர்வு, இடக்குழல் இறுக்கம் என்ற பழைய ஏற்பாட்டின் கணக்கு இதுவேதான். தோட்டாவில் 24 கிராம் ரவைக்கு மேல் கூடாது என்பது இன்றைய விதி. எங்கள் துப்பாக்கியில் குத்தியிருக்கும் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் கிட்டத்தட்ட 32 கிராம். சரியான நீளத்தில் தோட்டா தேடிப் பிடித்துவிட்டால், பழைய துப்பாக்கிக்கு இந்த விளையாட்டு இளைப்பாறும் வேலை.

ஆனால் போட்டிகளில் பழையவை கிடையாது. குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வகை, குறிப்பாக 1931இல் பிரௌனிங்கின் 'சூப்பர்போஸ்டு' வந்த பிறகு, மெல்ல மெல்லக் களத்தைக் கைப்பற்றியது. ஒற்றைக் கோட்டில் குறிபார்க்கலாம். கனம் அதிகம் என்பதால் தோளை உதைக்காது. வீச்சு நிதானமாக ஓடும். நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு முகம் தந்தவர் பிகானேர் மகாராஜா கர்ணி சிங். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகள். 1962 கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி. தமிழ்நாட்டிலிருந்து புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராப் போட்டிவரை போனார். இவ்விளையாட்டு மன்னர் வீடுகளைத் தாண்டி அதிகம் பரவாததற்குத் தோட்டாவின் விலை ஒரு காரணம் என்றால், இடம் இன்னொரு காரணம். ரைஃபிளுக்கு ஒரு நீளக் கொட்டகை போதும். இதற்கோ ரவை விழுந்து அடங்க 200 மீட்டருக்கு மேல் ஆளற்ற வெட்டவெளி வேண்டும். சென்ட் கணக்கில் நிலம் விற்கும் கோவையைச் சுற்றி அதை எங்கே தேடுவது?

ஆகவே கிழக்கே போனோம். உரிமம் செல்லுபடியாகும் எல்லையை மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு விரிக்க ஆன மாதங்களை இங்கே விவரிக்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் வெளி ஒன்று. காலை ஏழு மணி. மற்றவர்கள் கையில் நாலு கிலோவுக்குக் குறையாத இத்தாலியத் துப்பாக்கிகள். அப்பா பெட்டியைத் திறந்து மூன்று கிலோ எடையுள்ள தன்னுடையதைப் பூட்டினார். இரண்டு இளைஞர்கள் அருகே வந்து, "தொட்டுப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டார்கள். அவர் மடித்துத் திறந்து, காலிக் குழல்கள் வழியே வானத்தைக் காட்டிவிட்டுத்தான் நீட்டினார். இந்த வகைத் துப்பாக்கியின் மிகப்பெரிய நற்குணமாக எங்களுக்குப் படுவது இதுதான். மடித்து முழங்கையில் தொங்கவிட்டால், அது வெறுமையாக இருப்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். வேறெந்தத் துப்பாக்கியாலும் இவ்வளவு எளிதாக நம்பிக்கை தர இயலாது. கொக்கியில் கிடந்து பயமுறுத்திய அதே பொருள், இங்கே ஒவ்வொரு தடவையும் தன் வயிற்றைத் திறந்து காட்டியபின்தான் மனிதர்கள் நடுவே நடக்கிறது.

இருபத்தைந்து தட்டுகளில் அப்பா பதினொன்றை உடைத்தார். பக்கத்து நிலையில் நின்ற பையன் இருபத்திரண்டு. முதல் ஆறையும் அப்பா தவறவிட்டார். தட்டைப் பார்க்காமல் குழலைப் பார்க்கிறீர்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். ஏழாவது இடப்பக்கம் சாய்ந்து போனது. முதல் வெடி கடந்துபோக, விரல் பின்விசைக்கு நழுவ, தட்டு கரும்புகையாய்க் கலைந்தது. எந்த உயிரும் விழவில்லை. அதற்குப் பிறகு அவர் நின்ற விதமே மாறியிருந்தது. துப்பாக்கியை ஏற்றிக் குறிபார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார், துப்பாக்கி தானாகக் கன்னத்துக்கு வந்தது. அளவாய்ச் செய்த கட்டை அப்படித்தான் வரும் என்பார்கள். கட்டையின் நீளம், சரிவு, வலப்பக்க ஒசிவு எல்லாம் ஓர் உடலுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றவை. யாரோ ஒரு துரைக்காக அளந்தது எப்படி அப்பாருக்கும் அப்பாவுக்கும் பொருந்தியது என்பது எங்களுக்குள் இன்னும் ஓயாத சர்ச்சை. துரை குள்ளம் என்பது ஒரு கட்சி.

இப்போது அடுத்த கேள்வி வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்றவர் எழுபது வயதைக் கடந்தாலோ, இருபத்தைந்து ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். விட்டுவிட்டால், அவர் காலத்துக்குப் பின் அது காவல்நிலையத்துக்கோ ஆயுதக்கடைக்கோ போய்த் தூசியில் காத்திருக்கும். அப்படிப் போனவற்றில் பல, வாரிசுகள் அலையச் சலித்துக் கைவிட்டவை. எங்களில் மூத்தவனுக்குக் கண் சரியில்லை, நடுவனுக்கு ஆர்வமில்லை. கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்ததில் கன்னமும் கையும் பிசகாமல் அமைந்தது எங்களில் இளையவளுக்கு. துரை குள்ளம் என்ற கட்சிக்கு இது ஒரு சாட்சி.

விண்ணப்பம் போட்டாயிற்று. பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் சேர்த்தாயிற்று. நோக்கம் என்ற இடத்தில் அப்பாருடைய பழைய உரிமத்தில் வேட்டை என்றிருந்தது, அப்பாவுடையதில் பயிர்க்காவல். இவள் விளையாட்டு என்று எழுதியிருக்கிறாள். சென்ற மாதம் விசாரணைக்குத் தோட்டத்துக்கு வந்த ஏட்டு, மோர் குடித்துவிட்டு, "நீங்கதானாம்மா சுடப்போறீங்க?" என்று இரண்டுமுறை கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.